பட்டி என்ற சொல்லும் எங்கள் எண்ணெய் ஆலையின் பெயரும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தாத்தா தொடங்கிய எண்ணெய் ஆலைக்கு நெடுங்காலம் பெயர்ப்பலகை இருந்ததில்லை. கொப்பரையையும் நிலக்கடலையையும் சாக்கில் கட்டிக்கொண்டு எருத்தேம்பதியிலிருந்தும் வடகரபதியிலிருந்தும் வருகிறவர்கள் "மில்லுக்காரர் வீடு எங்கே?" என்று கேட்டால் போதும், கடைத்தெருவில் நிற்கும் யாரும் கை காட்டிவிடுவார்கள். தாத்தாவுக்குப் பின் அப்பாவும், அப்பாவுக்குப் பின் நானும் அதே பெயரில்லாத ஆலையைத்தான் நடத்தினோம். எண்ணெயை டின்களில் அடைத்துப் பாலக்காட்டுக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியபோதுதான் ஒரு பெயர் தேவைப்பட்டது. அம்மா ஒரு பூவின் பெயரைச் சொன்னார்; அதையே அச்சிட்டு ஆறு ஆண்டுகள் விற்றோம். ஆலையைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாற்ற விண்ணப்பித்த வாரத்தில்தான் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறொருவர் உரியவர் என்று தெரிய வந்தது. அதன் பிறகு நானும் தம்பியும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை, எங்களைப் போல் எல்லையோரத்தில் தொழில் தொடங்கும் தமிழர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெயர் எங்களுடையது என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜிஎஸ்டி சான்றிதழில் வணிகப் பெயர் என்ற இடத்தில் அதுவே இருந்தது. சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழிலும், உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும், ஊராட்சி தந்த உரிமத்திலும், வங்கியின் நடப்புக் கணக்கிலும் அதே பெயர்தான். நாங்கள் கலந்து பேசிய ஆலோசகர் ஒருவரும், இத்தனை அரசுத் தாள்களில் வந்துவிட்ட பெயரை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று உறுதி சொன்னார். ஆனால் இந்தத் தாள்களில் ஒன்றுகூடப் பெயரின் மீது உரிமை தருவதில்லை. வரி கட்டுகிறவர் யார் என்பதை ஜிஎஸ்டி பதிவு சொல்கிறது, உணவைத் தயாரிக்கிறவர் யார் என்பதை உணவுப் பாதுகாப்பு உரிமம் சொல்கிறது. அதே பெயரை அடுத்த தெருவில் இன்னொருவர் பதிவு செய்தாலும் இவை தடுக்கமாட்டா. தனி ஒருவர் உரிமையாளராக நடத்தும் தொழிலுக்கு இந்த நாட்டில் பெயர்ப் பதிவேடு என்று தனியாக ஒன்று கிடையாது. கூட்டாண்மை என்றால் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத்தின் பதிவாளரிடம் பதியலாம், அதுவும் கட்டாயமில்லை. நாடு முழுவதற்குமான ஒரே பட்டியலில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது நிறுவனமோ எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையோ தொடங்கும்போதுதான்.

நிறுவனம் தொடங்குவதற்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஸ்பைஸ் பிளஸ் என்ற இணையப் படிவம் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் பகுதியில் பெயரை மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். கட்டணம் 1000 ரூபாய்; விருப்ப வரிசைப்படி இரண்டு பெயர்கள் வரை கொடுக்கலாம்; இரண்டும் ஏற்கப்படாவிட்டாலும் பணம் திரும்பாது. ஏற்கப்பட்டால் அந்தப் பெயர் நமக்காக 20 நாள்கள் காத்திருக்கும், அதற்குள் மற்ற ஆவணங்களைச் சேர்த்து நிறுவனத்தைப் பதிய வேண்டும். முடியாவிட்டால் மேலும் 1000 ரூபாய் கட்டி 40 நாள்களாகவும், அதற்கு மேல் 2000 ரூபாய் கட்டி 60 நாள்களாகவும் நீட்டித்துக்கொள்ளலாம். எந்த மாநிலத்தில் தொடங்கினாலும் பெயரைப் பரிசீலிப்பது அரியானா மாநிலம் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையம்தான். பங்கு முதலீட்டின் உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டிஜிட்டல் கையொப்பம், இயக்குநர் எண் போன்றவற்றைத் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் கொடுத்த இரண்டு பெயர்களும் அந்தப் பூவைச் சுற்றியே இருந்தன. முதலாவது டின்னில் இருந்த பெயர், இரண்டாவது அதனுடன் ஊர்ப் பெயரைச் சேர்த்தது. இரண்டும் நிராகரிக்கப்பட்டன, நியாயமாகவே நிராகரிக்கப்பட்டன என்பதை விதிகளைப் படித்த பிறகு ஒப்புக்கொண்டோம். நிறுவனப் பதிவு விதிகள் 2014-இன் 8-ஆம் விதி, எந்தெந்த வேறுபாடுகள் வேறுபாடாகக் கொள்ளப்படமாட்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஒருமையைப் பன்மையாக்குவது, எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவது, புள்ளியோ கோடோ சேர்ப்பது, சொற்களை முன்பின்னாக மாற்றுவது, இணைய முகவரிபோல் டாட் காம் என்று முடிப்பது, ஊர்ப் பெயர் இல்லாத பழைய பெயரோடு ஓர் ஊர்ப் பெயரை ஒட்டுவது, ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றுவது ஆகிய எதுவும் பெயரைப் புதியதாக்காது. எங்கள் பகுதியில் எண் கணிதம் பார்த்து, ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' எழுத்தைக் கூட்டிப் பெயர் வைப்பவர்கள் பலர். அந்தக் கூடுதல் எழுத்து வாசலில் இருக்கலாம். ஏற்கெனவே உள்ள பெயரிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இதைவிட முக்கியமான தடை வணிகச் சின்னப் பதிவேட்டிலிருந்து வந்தது. பொருளின் மேல் அச்சிட்டு விற்கும் பெயரையும் குறியையும்தான் வணிகச் சின்னம், அதாவது டிரேட் மார்க், என்கிறார்கள். அதே விதிகளில் உள்ள 8ஏ விதியின்படி, பதிவு செய்யப்பட்ட, அல்லது பதிவுக்கு விண்ணப்பித்து நிலுவையில் உள்ள வணிகச் சின்னத்தோடு பெயர் ஒத்திருந்தால், அதன் உரிமையாளர் ஒப்புதல் தராமல் அப்பெயரை நிறுவனத்துக்கு வைக்க முடியாது. அந்தப் பூவின் பெயரைச் சமையல் எண்ணெய்க்கு இன்னொருவர் எங்களுக்கு முன்பே பதிந்திருந்தார். தம்பி முதலில் சண்டைக்கு நிற்கலாம் என்றான். அவன் சொன்னதிலும் சட்ட நியாயம் உண்டு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பதிந்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரைப் பாதுகாக்கிறது. பழைய ரசீதுகளையும் பில் புத்தகங்களையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஆனால் அவர் தம் விண்ணப்பத்தில் காட்டியிருந்த பயன்பாட்டு நாள் எங்கள் முதல் டின்னுக்குப் பல ஆண்டுகள் முந்தையது. அதைப் பார்த்த பிறகு நாங்கள் வேறு பெயர் தேடினோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். நிறுவனத்தின் பெயர் வேறு, வணிகச் சின்னம் வேறு. நிறுவனப் பெயரை ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் இருப்பதால் அந்தப் பெயரை டின்னில் அச்சிட்டு விற்க உரிமை வந்துவிடாது. நிறுவனச் சட்டம் 2013-இன் 16-ஆம் பிரிவின்படி, ஒரு வணிகச் சின்னத்தின் உரிமையாளர், நம் நிறுவனம் பதிவாகி மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட்டால், பெயரை மாற்றிக்கொள்ளுமாறு அரசு உத்தரவிடலாம். மாற்றுவதற்குக் கிடைப்பது மூன்று மாதங்கள். ஆகவே 1000 ரூபாயைக் கட்டுவதற்கு முன் இரண்டு தேடல்களையும் நாமே செய்துவிட வேண்டும்: நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் ஒன்று, வணிகச் சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலில் இன்னொன்று. இரண்டுக்கும் கட்டணமில்லை. வணிகச் சின்னத் தேடலில் ஒலியொப்புமை என்று தனி வழி இருக்கிறது. நம் சொற்களை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதுவார்கள் என்பதால் நமக்குப் பயன்படுவது அதுதான்.

புதிய பெயர் தேடிய நாள்களை நான் எளிதில் மறக்க முடியாது. திருமணத்துக்குப் பின் பொள்ளாச்சிப் பக்கம் குடியேறிவிட்ட தம்பிக்கு, தாத்தா பிறந்த சிற்றூரின் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஊர்ப் பெயர் 'பட்டி' என்று முடியும். தமிழில் அது மனிதரும் ஆடுமாடும் சேர்ந்து வாழும் இடம். செக்கெண்ணெய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது அவன் கருத்து. ஆனால் மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எங்கள் எண்ணெயில் பாதிக்கு மேல் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் மலையாளிகளின் அடுக்களைக்குப் போகிறது. "அக்கா, அது நம்ம ஊருப் பேருதானே, அதுல என்ன தப்பு?" என்று அவன் கேட்டபோது எனக்கு மனம் வலித்தது, ஏனென்றால் தவறு எதுவும் இல்லை, அந்தச் சொல் எல்லையைத் தாண்டும்போது வேறு பொருள் கொண்டுவிடுகிறது, அவ்வளவுதான். உணவுப் பொருளில் அந்தப் பொருளை நாம் ஏற்றி அனுப்ப முடியாது என்று சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்தேன். வெள்ளம் என்ற சொல்லும் அப்படிப்பட்டதே; நமக்கு அது கரை புரளும் ஆறு, அவர்களுக்கு ஒரு குவளைத் தண்ணீர்.

அடுத்து 'செக்கு' என்ற சொல்லை எடுத்தோம். மலையாளத்தில் அது 'சக்கு'. சக்கில் ஆட்டிய வெளிச்செண்ணெய் என்பார்கள். இரு மொழியிலும் புரியும் என்றாலும் அது தொழிலைக் குறிக்கும் பொதுச்சொல். பொருளின் வகையையோ தன்மையையோ மட்டும் சொல்லும் சொற்களை வணிகச் சின்னமாகப் பதிய வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. செக்கு, மரச்செக்கு, நல்லெண்ணெய், சுத்தம் போன்ற சொற்கள் ஊருக்கே பொதுவானவை. அவற்றை ஒருவர் கொண்டுபோய்த் தமக்கென்று அடைத்துக்கொள்ள முடியாமல் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். தெய்வங்களின் பெயர்களையும் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஏராளமான நிறுவனங்கள் இருந்தன.

முடிவில் இரு மொழியிலும் ஒரே பொருளும் ஏறக்குறைய ஒரே ஒலியும் உடைய ஒரு பழைய சொல்லைத் தேர்ந்தோம். அதை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும் என்பதால் எழுதவில்லை. அதில் ழகரம் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழும் மலையாளமும் இன்றும் பொதுவாகக் காத்துவரும் எழுத்து அது. ஆனால் நிறுவனப் பதிவேட்டில் பெயர் ஏறுவது ஆங்கில எழுத்தில்தான். அந்த ஒரு சொல்லை 'இசட் எச்' போட்டும், 'எல்' போட்டும், 'இசட்' மட்டும் போட்டும் தேடிப் பார்க்க ஒரு முழு மாலை ஆனது. நடுவில் வரும் தகரத்தை 'டி' என்றும் 'டி எச்' என்றும் எழுதும் பழக்கங்கள் வேறு. கோழிக்கோட்டையும் ஆலப்புழையையும் எழுதுகிற முறையிலேயே 'இசட் எச்' என்று எழுதுவதென முடிவு செய்தோம், கேரளத்துக் கண்களுக்கும் தமிழ்நாட்டுக் கண்களுக்கும் அது பழக்கமானது என்பதால். விண்ணப்பத்தில் அந்தச் சொல்லின் பொருளை இரண்டு வரிகளில் விளக்கி எழுதினோம். நம் மொழி அறியாத ஒருவர் அதைப் பரிசீலிக்கக்கூடும் என்பதால் இந்த இரண்டு வரிகளை யாரும் விட்டுவிடக் கூடாது. இந்த முறை பெயர் முதல் விருப்பத்திலேயே ஏற்கப்பட்டது.

பெயர் கிடைத்த பின் பதிவு அலுவலகத்தை எந்த மாநிலத்தில் வைப்பது என்ற கேள்வி வந்தது. ஆலை கேரளத்தில் இருக்கிறது, தம்பி தமிழ்நாட்டில் இருக்கிறான், வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். கொழிஞ்சாம்பாறை முகவரி என்றால் எர்ணாகுளத்தில் உள்ள நிறுவனப் பதிவாளர். பொள்ளாச்சி முகவரி என்றால் கோயம்புத்தூர்ப் பதிவாளர். தமிழ்நாட்டில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் தனித்தனிப் பதிவாளர்கள் இருப்பதால், நிறுவனத்துக்குத் தரப்படும் 21 இலக்க அடையாள எண்ணில் கோயம்புத்தூர் நிறுவனங்களுக்கு 'டி இசட்' என்ற எழுத்துகள் வரும், கேரள நிறுவனங்களுக்கு 'கே எல்' வரும். பின்னர் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், செய்தித்தாள் விளம்பரம், மத்திய அரசின் ஒப்புதல் என்று நீண்ட வழி உண்டு. பக்கத்து ஊர்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லையோரத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவது இயல்பு. சட்டத்துக்குப் பத்து கிலோமீட்டரும் ஆயிரம் கிலோமீட்டரும் ஒன்றுதான். இயந்திரங்கள் இருக்கும் இடத்தையே நாங்கள் முகவரியாகக் கொண்டோம்.

வணிகச் சின்ன விண்ணப்பத்தை நிறுவனம் பதிவான பிறகு நிறுவனத்தின் பெயரிலேயே கொடுத்தோம். குடும்பத் தொழிலில் பெயர் ஒருவர் கையிலும் ஆலை இன்னொருவர் கையிலும் போய்விட்டால் அடுத்த தலைமுறையில் என்ன நடக்கும் என்பதை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறோம். சிறு தொழில் என்பதால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய் கட்டணம், மற்ற நிறுவனங்களுக்கு 9000 ரூபாய். இந்தச் சலுகைக்கு நிறுவனத்தின் பெயரில் புதிய உத்யம் சான்றிதழ் வேண்டும். பழைய தனி உரிமையாளர் சான்றிதழ் செல்லாது. கேரளமும் தமிழ்நாடும் ஒரே சென்னைப் பதிவகத்தின் கீழ் வருவதால் இதில் மட்டும் எல்லை குறுக்கே நிற்கவில்லை.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, நாம் கேட்கும் வகுப்புக்கு மட்டுமே உரிமை கிடைக்கும். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3-ஆம் வகுப்பு. மாட்டுக்குப் போடும் புண்ணாக்கு 31-ஆம் வகுப்பு. பிறர் கொண்டுவரும் கொப்பரையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது 40-ஆம் வகுப்பில் ஒரு சேவை. தேங்காய் எண்ணெய் இதில் தனிச் சிக்கல் உடையது. கேரளத்தில் அதைத் தாளிக்க வாங்குகிறார்கள், மலையைத் தாண்டினால் அதே டின்னைத் தலைக்கு வாங்குகிறார்கள். இந்த இரட்டை வாழ்க்கை பல ஆண்டுகள் வரி வழக்காகவே நடந்து, சிறு பொட்டலங்களில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயும் வரிக் கணக்கில் சமையல் எண்ணெயே, கேசத் தைலம் என்று குறித்து அதற்குரிய நிபந்தனைகளோடு விற்றால் ஒழிய அது மாறாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிக்கு அந்தத் தீர்ப்பு போதும். பெயருக்கு இரண்டு வகுப்புகளிலும் காப்பு வேண்டும் என்று நாங்கள் 29-க்கும் 3-க்கும் விண்ணப்பித்தோம். தமிழ் எழுத்தில் உள்ள சின்னத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். தேவநாகரியோ ஆங்கிலமோ அல்லாத எழுத்தில் கொடுத்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும், அவ்வளவே. விண்ணப்பித்த நாளிலிருந்து டிரேட் மார்க் என்பதன் சுருக்கமாக 'டி எம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்த பிறகுதான், அதற்கு முன் போடுவது குற்றம்.

பெயர்ப்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிறுவனத்தின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்தின் வெளியிலும் எழுதி வைக்கச் சொல்கிறது. அந்த எழுத்து அந்த வட்டாரத்தில் வழங்கும் மொழியினுடையதாக இல்லாவிட்டால், அங்கு பொதுவாக வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றிலும் எழுத வேண்டும் என்கிறது. மொழிகளில் ஒன்று என்ற அந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் ஊர் உள்ள சித்தூர் வட்டம் கொச்சி அரசில் இருந்து, 1956-இல் கேரளமான பகுதி. ஆனால் எங்கள் வீதியில் வழங்கும் மொழி தமிழ். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதுவதற்கு இடம் தருகிறது. அண்டை வீட்டாரும் வாடிக்கையாளருமான மலையாளிகளை விட்டுவிடவும் எங்களுக்கு மனமில்லை. எனவே மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றிலும் ஒரே அளவில் எழுதச் சொன்னோம். பலகை எழுதுகிறவர் இரு மொழி ழகரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி எதிர்க்கடை வாசலில் நின்று சரிபார்த்தார். அம்மா அந்தப் பலகையின் கீழ் விளக்கேற்றினார்.

நிறுவனம் என்பது சட்டத்தின் பார்வையில் புதிதாகப் பிறந்த ஓர் ஆள் என்பதால் பழைய உரிமங்கள் எதுவும் அதன் மேல் தானாக ஏறாது. பான் எண் பதிவோடு வந்துவிடும். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் புதிதாக எடுத்தோம். பங்குப் பணம் வங்கிக்கு வந்துவிட்டது என்ற அறிவிப்பை 180 நாள்களுக்குள் தர வேண்டும், அதற்கு முன் தொழிலைத் தொடங்கக் கூடாது. அந்த இடைவெளியில் பழைய தனி உரிமையாளர் பதிவிலேயே விற்பனை நடந்தது, ஆனால் பூவின் பெயர் இல்லாமல். அச்சிட்டு மிச்சமிருந்த டின்களை எடைக்குப் போட மனம் வராமல், பெயரைச் சுரண்டி எடுத்துப் புண்ணாக்கு அள்ளுவதற்கு ஆலையிலேயே வைத்திருக்கிறோம்.

வணிகச் சின்னத்தில், 29-ஆம் வகுப்பு விண்ணப்பம் பதிவகத்தின் வார இதழில் வெளியாகிவிட்டது. யாரேனும் எதிர்ப்பதாக இருந்தால் அதற்குக் கொடுக்கப்பட்ட நான்கு மாதங்கள் வரும் மாதம் முடிகின்றன. 3-ஆம் வகுப்புக்கு ஓர் ஆட்சேபணை வந்தது. ஒலியில் சற்று நெருங்கிய வேறொரு சொல்லைக் காட்டியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பதால், இரு சொற்களும் தமிழிலும் மலையாளத்திலும் எப்படி வேறுபட்டு ஒலிக்கின்றன, பொருளில் எப்படி வேறுபடுகின்றன என்பதை விளக்கி நானே எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் அதை ஆங்கிலமாக்கிக் கடைசி நாளுக்கு நான்கு நாள்கள் முன்பே பதிவேற்றிவிட்டான். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.